நெளிந்த டப்பா

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக இருக்கிறாயா? முழங்கால் வலி குறைந்ததா? மாடி ஏறி வகுப்பெடுக்க வேண்டாம் என்றார்களே, கீழே அறை கொடுத்தார்களா? இங்கே உடம்புக்கு ஒன்றும் இல்லை.

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாகக் கடைக்குள் போய், கண்ணாடி ஜாடியிலிருந்த வெள்ளைப் பொத்தான்களை எல்லாம் பொறுக்கி, ஒரு வெட்டுத்துணியில் முடிந்து பரணில் எறிந்தேன். பல்கூடத் துலக்கவில்லை. வெள்ளைச் சட்டை தைக்கக் கொடுத்தவர்களுக்கு என்ன பதில் சொல்வேன் என்று தெரியாது. அந்தப் பொத்தானை இன்னொரு தடவை பார்க்க என்னால் முடியாது.

நேற்று சபையில் புது மேய்ப்பரைத் தேர்ந்தெடுத்தார்கள். உன் மாப்பிள்ளைக்கு, என் வீட்டுக்காரருக்கே வந்துவிட்டது அக்கா.

நீ சபையை விட்டு எத்தனையோ வருஷமாகிறது. வழக்கம் நினைவிருக்குமோ என்னவோ. மேய்ப்பர் காலமானால் நாம் ஓட்டெடுப்பதில்லை, வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவதும் இல்லை. குறைந்தது மூன்று பேரை முன்னால் நிறுத்துவார்கள். மூன்று தகர டப்பா. ஒன்றில் வெள்ளைப் பொத்தான், மற்றவற்றில் கறுப்பு. வெள்ளை யாருக்கு வருகிறதோ அவர் சாகும்வரை மேய்ப்பர். ஞாயிறுதோறும் பிரசங்கம் செய்ய வேண்டும், சம்பளம் கிடையாது, மறுக்கவும் முடியாது. மனுஷர் தேர்ந்தெடுத்தால் மனுஷருக்குப் பிடித்தவர்தான் வருவார், ஆண்டவரே எடுக்கட்டும் என்று ஏற்பட்ட வழக்கம்.

பழைய மேய்ப்பர், அந்தக் கடிகாரம் பழுதுபார்ப்பவர், காலமானதிலிருந்து, அடுத்தது டாக்டர்தான் என்று எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள். அவர் பேசினால் அழுகிற குழந்தைகூட நிறுத்திவிட்டுக் கேட்கும். இரண்டாவது பள்ளித் தலைமையாசிரியர், வேதம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை. டாக்டரே சிரித்துக்கொண்டு சொன்னாராம்: "நம்ம தையல்காரரைப் போட்டுக்குங்க. ஒப்புக்குச் சப்பாணியா ஒருத்தர் வேணும்ல?"

உனக்குத் தெரியாதா அவரை? தன் பெயரைச் சொல்லவே திணறுவார். முதல் எழுத்திலேயே தொண்டை பூட்டிக்கொள்ளும். தையல் மெஷின் ஓடும்போது மட்டும், கால் மிதிக்கிற தாளத்துக்குப் பேச்சு தடையில்லாமல் வரும். மெஷின் நின்றால் பேச்சும் நிற்கும்.

டப்பாக்களில் பொத்தான் போட்டுக் கொடுத்தது நான். பொத்தான் நம் கடையில் இருப்பதால் அது எப்போதும் நம் வேலை. சபையின் மூத்த சகோதரி அவற்றை வாங்கிக் கலைத்து மேசைமேல் வைத்தார். வயதில் இளையவர் முதலில் எடுக்க வேண்டும். அது இவர். இவரோ பின்னால் நகர்ந்து நின்று, பெரியவர்கள் எடுக்கட்டும் என்று கையைக் காட்டிவிட்டார். தலைமையாசிரியர் ஒன்றை எடுத்தார். டாக்டர் ஒன்றை எடுத்தார். நெளிந்த டப்பா ஒன்றுதான் மிச்சம். அதைப் பார்த்ததுமே எனக்குக் கைகால் விறைத்துப்போயிற்று. பிறகு திறந்தார்கள்.

ஒருவரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை அக்கா. டாக்டரின் மனைவி தும்மினாள். அது ஒன்றுதான் சத்தம்.

இதையெல்லாம் போனில் பேச முடியாது. கடைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு துணித்திரைதான். எழுது.

உன் சுகத்துக்காக ஜெபிக்கும்
தங்கை


பிப்ரவரி 17

சின்னவளுக்கு,

முழங்கால் முனகிக்கொண்டே வேலை செய்கிறது, என்னைப் போல. அறை இன்னும் மாடியில்தான். நீ வேளைக்குச் சாப்பிடு. கவலை வந்தால் நீ பட்டினி கிடப்பவள்.

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்துவிட்டேன். பிறகு மாப்பிள்ளையின் முகம் நினைவுக்கு வந்தது, சிரிப்பு நின்றது.

ஆனாலும் புள்ளியியல் சொல்லிக்கொடுத்துச் சோறு தின்கிறவளிடம் போய் அதிர்ச்சி என்கிறாயே. மூன்று டப்பா, மூன்று பேர். அவருக்கு வருவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு. டாக்டருக்கும் அதே மூன்றில் ஒன்றுதான். டாக்டருக்கு வந்திருந்தால் எல்லோரும் கடவுளின் ஞானம் என்று பாடியிருப்பீர்கள். தையல்காரருக்கு வந்ததும் தும்முகிறீர்கள்.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். உங்கள் கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்கிறீர்கள். எல்லாம் தெரிந்தவர், பேச்சு வராதவரைப் பேசுகிற வேலைக்கு எடுப்பாரா? என் கல்லூரியில் ஒரு தேர்வுக்குழு இப்படிச் செய்திருந்தால் கோர்ட்டுக்கு இழுத்திருப்போம்.

ஒரு யோசனை சொல்கிறேன், அடிக்க வராதே. மெஷினைத் தூக்கி மேடையில் வைக்கச் சொல். பிரசங்கமும் முடியும், இரண்டு ஜாக்கெட்டும் முடியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? இங்கே நான் சாப்பிடுகிறேன். அவர்தான் சாப்பிடுவதில்லை.

மெஷின் யோசனைக்கு நானும் சிரித்திருப்பேன், வேறு யாருடைய புருஷனாவது இருந்திருந்தால்.

முதல் ஞாயிறு முடிந்தது. புதுச் சட்டை தைத்துப் போட்டுக்கொண்டு போனார். எழுந்து நின்றார். "ஆ" என்று ஆரம்பித்தது, அங்கேயே நின்றது. கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டது. பின்வரிசையில் யாரோ, "ஆண்டவர்னு சொல்ல வர்றார்ப்பா, எடுத்துக் குடுங்க" என்றான். சிரிப்பு. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உட்கார்ந்துவிட்டார். மூத்த சகோதரி பாட்டை எடுத்ததால் மானம் பிழைத்தது.

வெளியே வரும்போது தலைமையாசிரியர், "எழுதிக் குடுங்க தம்பி, நான் வாசிச்சுடறேன்" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அடுத்த வாரமே டாக்டர் வீட்டில் ஜெபக்கூட்டம் ஆரம்பித்துவிட்டது. நாற்காலி பற்றவில்லையாம். நம் சபையில் பாதிப் பெஞ்சு காலி.

வீட்டுக்கு வந்ததும் அவர் சட்டையைக் கழற்றிவிட்டு மெஷினில் உட்கார்ந்தார். யாருடையதோ ஜன்னல் திரை, நீளமான தையல். மிதித்துக்கொண்டே சொன்னார்:

"சிலுவைக்குக் கீழ நின்னவங்கள்ல முட்டாள் ஒருத்தனும் இல்லம்மா. படிச்சவங்க, ஊரை ஆண்டவங்க, ஆயுதம் வச்சிருந்தவங்க. எல்லாரும் நல்லாத்தான் பார்த்தாங்க. ஆணி அடிச்சிருக்கு, ரத்தம் போகுது, இறங்கி வர முடியல. அப்ப இவன் அவ்வளவுதான்னு முடிவு பண்ணாங்க. போட்ட கணக்குல ஒரு தப்பும் இல்ல. விடைதான் தப்பு. அவர் தோத்துட்டார்னு அவங்க நினைச்ச இடத்துலதான் அவர் வேலையை முடிச்சுக்கிட்டு இருந்தார். இதைத்தான் சொல்லணும்னு..."

நூல் தீர்ந்துவிட்டது. மெஷின் நின்றது. அதற்குப் பிறகு அவர் சொல்ல வந்தது எனக்குக் கிடைக்கவில்லை.

உன் ஜெபமில்லாத அன்பாவது எங்களோடு இருக்கட்டும்.
தங்கை


மார்ச் 11

சின்னவளுக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். என் அன்பில் குறையில்லை, அதில் ஜெபம் கலக்கத் தெரியாததுதான் குறை.

அந்த 'கணக்கு சரி, விடை தப்பு' எனக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. வகுப்பில் பாதிப் பாடத்தில் நின்றுவிட்டேன். தொடங்கிய இடம் தப்பாக இருந்தால் அப்படி நடக்கும் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் மாப்பிள்ளையிடமிருந்து அதை எதிர்பார்க்கவில்லை.

அதனால் உன் முதல் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். ஒன்று உறுத்துகிறது. நெளிந்த டப்பா மிச்சமிருந்தது, அதைப் பார்த்ததுமே கைகால் விறைத்தது, பிறகு திறந்தார்கள் என்று எழுதியிருக்கிறாய். திறப்பதற்கு முன்னால் உனக்கு ஏன் விறைக்க வேண்டும்?

பதில் எழுது.
அக்கா


ஏப்ரல் 14

சின்னவளுக்கு,

சுகம்தானா? ஒரு மாதத்துக்கு மேலாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. கடைக்குப் போன் செய்தால் மாப்பிள்ளை எடுத்து மூச்சு மட்டும் விடுகிறார், பின்னால் மெஷின் சத்தம்கூட இல்லை. நீ குளிக்கிறாய் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நீயே குளித்துவிட்டு வந்திருக்கலாம்.

கேட்டது தப்பென்றால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். எழுது.
அக்கா


ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

மன்னித்துக்கொள். சுகமாக இருக்கிறேன் என்று எழுத ஆரம்பித்து எத்தனையோ காகிதம் கிழித்தேன்.

நான்தான் நெளித்தேன்.

சனிக்கிழமை சாயங்காலம் பொத்தான்களைப் போட்ட பிறகு, வெள்ளைப் பொத்தான் இருந்த டப்பாவின் மூடியை இஸ்திரிப் பெட்டியின் மூலையால் ஒரு தட்டு தட்டினேன். ஒரே தட்டு. அவர் திரைக்கு அந்தப் பக்கம் மெஷினில் இருந்தார். "நாளைக்கு அந்த நெளிஞ்ச டப்பாவை மட்டும் தொடாதீங்க" என்றேன். மெஷின் ஒரு கணம் நின்றது. பிறகு ஓடியது. "சரிம்மா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. புரிந்துகொண்டாரா, ஏதோ துருப்பிடித்த டப்பா என்று நினைத்தாரா, எனக்குத் தெரியாது.

அவரை ஊர் சிரிக்கக் கூடாது என்பதற்காகத்தான் அக்கா. கல்யாணத்தன்று, நான் சம்மதிக்கிறேன் என்று சொல்ல அவர் பட்ட பாட்டைப் பார்த்து நம் சொந்தங்களே கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டது உனக்கு நினைவிருக்கும். வாரா வாரம் அவர் அப்படி நிற்பதை என்னால் பார்க்க முடியாது என்று நினைத்தேன். இளையவர் முதலில் எடுப்பார், நல்ல டப்பா ஒன்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவார், மீதியை ஆண்டவர் மற்ற இரண்டு பேருக்குள் பார்த்துக்கொள்ளட்டும் என்பது என் திட்டம். ஆண்டவருக்கு நான் கொஞ்சம் உதவி செய்தேன், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

அவர் பின்னால் போய் நிற்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

அவர் நின்றுவிட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது. நெளிந்த டப்பாவை யார் எடுப்பார்கள்? பாத்திரக் கடையில் நெளிந்த பாத்திரத்தை நானே தள்ளி வைத்துவிட்டு அடுத்ததைத்தான் எடுப்பேன். அவருக்கு வரக் கூடாது என்று நான் தட்டிய தட்டுதான், பெரியவர்கள் இருவரையும் விலக வைத்து அவருக்குக் கொண்டுவந்து சேர்த்தது. பட்டம் வாங்கிய மூளை அக்கா என்னுடையது.

நான் என்ன செய்யட்டும்?
தங்கை


மே 6

சின்னவளுக்கு,

கடிதத்தை நின்றபடி படித்தேன், முழங்கால் வலி தெரியவில்லை. அப்படி ஒரு அதிர்ச்சி.

முதலில் என் கணக்கைத் திருத்திக்கொள்கிறேன். மூன்றில் ஒன்று என்றேன். கிடையாது. அவர் பின்னால் நகர்ந்த அந்த நொடியில், பார்ப்பதற்கு நன்றாக இருப்பதையே எடுத்துப் பழகிய இரண்டு பேர் முன்னால் நிற்கும்போது, அது அநேகமாக நிச்சயம். நீ சூழ்ச்சி செய்யாமல் இருந்திருந்தால் அவர் தப்பிக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு இருந்தது. அதை நீயே தட்டி நசுக்கிவிட்டாய்.

இனி செய்ய வேண்டியது தெளிவு. சபையில் சொல்லிவிடு. கள்ளச் சீட்டு செல்லாது, மறுபடி எடுப்பார்கள். அந்த மனுஷன் விடுதலையாகி மெஷினுக்குத் திரும்புவார், டாக்டர் மேடைக்குப் போவார், எல்லோரும் அவரவருக்குப் பொருந்திய இடத்தில் இருப்பீர்கள். உன்னை நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். பேசட்டும். இதில் தெய்வ ஞானத்தையும் மனித ஞானத்தையும் எடைபோட ஒன்றுமே இல்லை. நடந்தது ஒரு தவறு, திருத்தக்கூடிய தவறு.

பயப்படாதே. வேண்டுமானால் விடுமுறையில் வந்து உன் பக்கத்தில் உட்காருகிறேன்.
அக்கா


ஜூன் 16

அக்கா,

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், அவர் உயிரோடு இருக்கிறார். புருவத்தில் தையல் போட்டிருக்கிறது. "கை சுத்தம் பத்தல, நானா இருந்தா வெளிய தெரியாம போட்டிருப்பேன்" என்று மெஷினில் உட்கார்ந்து சொல்கிறார். போட்டது டாக்டர்.

நீ சொன்னபடி சொல்லிவிடத்தான் இருந்தேன். இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளிப்போட்டுக் கடைசியில் ஒரு வாரத்தை முடிவு செய்தேன். அந்த வாரத்தில்தான் இது நடந்தது.

டாக்டரின் கிளினிக் நம் கடைக்கு எதிரே. தண்ணீர் லாரி ஓட்டுகிறவரின் மகளைக் காய்ச்சலென்று கூட்டி வந்தார்கள். ஏழு வயது. எல்லோரும் குட்டிமா என்று கூப்பிடுவோம். டாக்டர் சாதாரணக் காய்ச்சல் என்று மருந்து கொடுத்து அனுப்பினார். மறுநாள் விடியும்போது குழந்தை உயிரோடு இல்லை.

காலை வெயில் ஏறுவதற்குள் தெரு நிறைந்துவிட்டது. கிளினிக்கின் கண்ணாடி போயிற்று. குழந்தையின் அப்பா கையில் இரும்புக் கம்பி. டாக்டர் வெளியே வந்து படியில் நின்று பேசினார். நன்றாகத்தான் பேசினார் அக்கா. எந்தக் காய்ச்சல் எப்படித் திரும்பும், ஆயிரத்தில் எத்தனை பேருக்கு இப்படி ஆகும் என்று தெளிவாகச் சொன்னார். அவர் பேசப் பேசக் கூட்டத்துக்கு வெறி ஏறியது. "என் புள்ள உனக்கு ஆயிரத்துல ஒண்ணா?" என்று அந்த அப்பா கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் திரையை விலக்கிப் பார்க்கும்போது மெஷின் காலி. அவர் தெருவைக் கடந்துகொண்டிருந்தார். கழுத்தில் அளவு நாடா, கையில் ஒரு பள்ளிச் சீருடை. டாக்டர்மேல் வீசிய கல் இவர் புருவத்தில் பட்டது. ரத்தத்தைத் துடைக்கவில்லை. போய் அந்த அப்பாவுக்கு நேராக நின்றார். கம்பி மேலே ஓங்கியபடி இருந்தது.

வாயைத் திறந்தார். "கு" என்றார்.

அங்கேயே பூட்டிக்கொண்டது. "கு... கு..." கண்ணிலிருந்து தண்ணீர் வருகிறது, புருவத்திலிருந்து ரத்தம் வருகிறது, சொல் வரவில்லை. இப்போது யாராவது சிரிக்கப் போகிறார்கள், அடிக்கப் போகிறார்கள் என்று திரையை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன். யாரும் சிரிக்கவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. ஒரு தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு மனுஷனின் ஒரு சொல்லுக்காக நின்றது. கத்திக்கொண்டிருந்தவர்கள்கூட வாயைத் திறந்தபடி நின்றார்கள். அடிப்பதற்குக் கோபம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் போலிருக்கிறது. காத்திருக்கும்போது அது நின்றுவிடுகிறது.

கடைசியில் அந்த அப்பாதான் சொன்னார். "குட்டிமா" என்றார். தன் வாயாலேயே சொல்லிவிட்டு, கம்பியைப் போட்டுவிட்டு, தெருவிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இவரும் பக்கத்தில் உட்கார்ந்து, குட்டிமாவுக்காகத் தைத்த அந்தச் சீருடையை அவர் மடியில் வைத்தார். அவர் அதை விரித்துப் பார்த்தார். பாவாடையின் கீழ்மடிப்பு அகலமாக இருந்தது. "ஏன் இவ்வளவு மடிச்சு வச்சிருக்க?" என்றார். கூட்டத்தில் ஒரு பெண்தான், "வளர வளரப் பிரிச்சு விடறதுக்கு" என்று சொல்லிவிட்டு அழ ஆரம்பித்தாள். அதற்கப்புறம் அது கூட்டமாக இல்லை. அழுகிற வீடு போல ஆகிவிட்டது தெரு.

டாக்டர் படியிறங்கி வந்தார். அந்த அப்பாவின் மறுபக்கத்தில் உட்கார்ந்தார். மறுநாள் தானே போலீஸ் நிலையத்துக்குப் போய், நான் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தார். கூட நடந்து போனது இவர்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை அக்கா. அந்த ஞாயிறு நான் சபையில் எழுந்து எதையும் சொல்லவில்லை.
தங்கை


ஜூன் 24

சின்னவளுக்கு,

மாப்பிள்ளையின் காயம் ஆறுகிறதா? சீழ் வைக்காமல் பார்த்துக்கொள். நீ எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்காதே.

நாலு பேர் முன்னால் பேசிப் பிழைப்பவள் நான். அந்தத் தெருவில் நான் இருந்திருந்தால் டாக்டர் பேசியதைத்தான் பேசியிருப்பேன், அதே ஆயிரத்தில் ஒன்றை. கம்பி என் தலையில் இறங்கியிருக்கும். இறங்கியிருந்தாலும் என் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும்.

இதற்கு மேல் நான் போக மாட்டேன். அங்கே கடவுள் இருந்தார் என்று என்னால் எழுத முடியாது. இல்லை என்று எழுதவும் பேனா போகவில்லை.

ஆனால் உனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று. இப்போது சொல்லாதே. மே மாதம் நான் சொன்னதை மறந்துவிடு. அப்போது சொல்லியிருந்தால் அவருக்கு விடுதலை. இப்போது சொன்னால் அவருக்கு இழப்பு, சபைக்கு இழப்பு, அந்தத் தண்ணீர் லாரிக்காரருக்கும் இழப்பு. விளைவு நன்றாக இருக்கிறது. தட்டியது உன் கையாகவே இருக்கட்டும், யாருக்கு என்ன நஷ்டம்? டப்பாவை எங்காவது போட்டுத் தொலை. நீ வாயைத் திறக்காமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது.

யோசித்துத்தான் சொல்கிறேன்.
அக்கா


ஜூலை 11

அன்புள்ள அக்காவுக்கு,

காயம் ஆறிவிட்டது. புருவத்தில் ஒரு கோடு நின்றுவிட்டது. உன் முழங்காலுக்காக அவரும் ஜெபிக்கிறார். முடிக்க நேரமாகிறது, அதனால் அதிகமாக ஜெபித்த மாதிரி இருக்கிறது.

போன ஞாயிறு டாக்டர் சபைக்குத் திரும்பி வந்தார். அவர் வீட்டுக் கூட்டத்தாரும் பின்னாலேயே வந்தார்கள். பெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசி வரிசையில் குட்டிமாவின் அப்பா, சுவரோரமாக, எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிற மாதிரி உட்கார்ந்திருந்தார். யார் வேண்டுமானாலும் எழுந்து சாட்சி சொல்லும் நேரத்தில் டாக்டர் எழுந்தார். பழைய பேச்சு இல்லை, தேடித் தேடிப் பேசினார்.

"அன்னைக்கு மேசையில மூணு டப்பா இருந்துச்சு. ஒண்ணு நெளிஞ்சிருந்தது. நான் அதைப் பார்த்தேன். எனக்கு எதுக்கு நெளிஞ்சதுன்னு நல்லதா ஒண்ணை எடுத்தேன். அதுக்குள்ள கறுப்புப் பொத்தான். பார்த்தவுடனே எது நல்லது, எது சாதாரணம்னு எனக்குத் தெரியும்னு நினைச்சேன். அந்தப் புள்ளையையும் அப்படித்தான் பார்த்தேன்."

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. சபை முழுக்க அழுதது. பக்கத்திலிருந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பார்த்தீங்களா, நெளிஞ்ச டப்பாவுல ஆண்டவர் ஒளிச்சு வச்சதை" என்றாள். ஒளித்து வைத்த கையைத்தான் பிடித்திருந்தாள்.

வீட்டுக்கு வந்தோம். அவர் மெஷினில் உட்கார்ந்ததும் திரையை விலக்கிக்கொண்டு போய்ச் சொல்லிவிட்டேன். நான்தான் நெளித்தேன் என்றேன். அவர் மிதிப்பதை நிறுத்தவில்லை.

"தெரியும்மா" என்றார்.

"எப்பலேர்ந்து?" என்றேன்.

"அன்னைக்கே தெரியும். இஸ்திரிப் பெட்டிச் சத்தம் எனக்குத் தெரியாதா? அதை எத்தனை வருஷமா கேக்கறேன்."

"தெரிஞ்சா ஏன் பின்னால போய் நின்னீங்க?"

"முதல்ல எடுத்தா, நீ சொன்னதை வச்சு நான் தப்பிச்ச மாதிரி ஆகும். அது திருட்டுச் சாவி. என்கிட்ட இருந்தா என் கை சும்மா இருக்காது. அதான் பின்னால போயிட்டேன், மிச்சம் எதுவோ அது எனக்குன்னு. அது வந்து நின்னதும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு, பயமாவும் இருந்துச்சு. நீ இவ்வளவு பாடுபட்டுத் தள்ளி விட்டிருக்க. அப்படியும் என் கைக்கே வந்துடுச்சு. இதுக்கு மேல நான் ஆண்டவர்கிட்ட என்ன அடையாளம் கேக்க?"

"சபையில சொல்லலையே நீங்க?"

"கெடப்போற பேரு உன்னோடது. நான் எப்படிச் சொல்றது?" என்றார். இத்தனை மாதமும் ஞாயிறுதோறும் அவர் அங்கே நின்று திணறியது இதையும் சுமந்துகொண்டுதான் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இப்ப நான் சொல்லட்டுமா? உங்களுக்காக வேண்டாம்னு பார்க்கறேன்."

மெஷின் நின்றது. வெகுநேரம் போராடி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "எ... எனக்காக... எதுவும் செய்யாத. ஒ... ஒரு தடவை... செஞ்சது போதும்."

நான் சிரித்தேன் அக்கா. அழுதுகொண்டே சிரித்தேன்.

மே மாதம் நீ சொல் என்றாய், ஜூனில் சொல்லாதே என்றாய். இரண்டு தடவையும் என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னாய், இரண்டு தடவையும் உன் யோசனை சரியாகத்தான் இருந்தது. நானும் அப்படியேதான் நினைத்தேன். ஆனால் பார், இரண்டு தடவையும் நாம் விளைவைப் பார்த்துத்தான் பேசியிருக்கிறோம். சொன்னால் அவர் தப்பிப்பார், சொல்லாவிட்டால் அவர் நிலைப்பார். இன்னும் அந்த டப்பாவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறோம்.

டாக்டரைப் பார்த்த பிறகு என்னால் அது முடியவில்லை. தான் பார்த்த பார்வை தப்பென்று அவர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவரைத் தப்பாகப் பார்க்க வைத்த நெளிசல் என்னுடையது. அதை ஆண்டவர்மேல் போட்டுவிட்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நாளை ஞாயிறு. சாட்சி நேரத்தில் எழுந்து நிற்கப் போகிறேன். மறுபடி சீட்டெடுக்கச் சொல்வார்கள், அது வேறு யாருக்காவது போகலாம். என்னைச் சபையிலிருந்து நிறுத்தி வைக்கலாம். திரும்பி வந்த பெஞ்சுகள் மறுபடி காலியாகலாம். குட்டிமாவின் அப்பா எழுந்து போய்விடுவாரோ என்பதுதான் எனக்குப் பெரிய பயம். அதற்கும் என்னிடம் திட்டம் ஒன்றும் இல்லை. முதல் தடவையாகத் திட்டமே இல்லாமல் போகிறேன்.

இன்று காலை பரணிலிருந்து அந்த முடிச்சை எடுத்து, வெள்ளைப் பொத்தான்களை ஜாடியில் கொட்டினேன். டப்பாவைத் துடைத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒன்று என்னைத் தடுக்க வேண்டும், இல்லை என்னை அனுப்பி வைக்க வேண்டும். இரண்டும் அவர்மேல் ஒரு பாரம். உனக்கும் இது இப்போது கிடைக்காது. நாளை சபை முடிந்து வரும் வழியில்தான் இந்தக் கடிதத்தைத் தபால் பெட்டியில் போடுவேன்.

திரைக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிறது. நாளை பேசுவதற்கு எதையோ சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு சொல்கூடத் திக்கவில்லை.

உன் சுகத்தையே விரும்பும்
தங்கை